கேஸ் தீர்ந்துபோவதில்லை

"கேஸ் கம்மியா இருக்கு சார், ஏத்திடலாமா?" சித்திரை, வைகாசி மாதங்களில் தமிழ்நாட்டு வீடுகளில் இந்தக் கேள்வி ஒலித்துக்கொண்டே இருக்கும். கேட்பவர் ஏணிமேல் நிற்பார். கேட்கப்படுபவர் கீழே வியர்த்து வழிய நிற்பார். அந்த வெக்கையில் 'ஏன் கம்மியாச்சு?' என்று திருப்பிக் கேட்க யாருக்கும் தோன்றாது. 'ஏத்துங்க' என்பதுதான் வாயில் வரும். பணம் கைமாறும், அறை குளிரும், அடுத்த கோடையில் அதே ஏணி, அதே கேள்வி.

ஏ.சி.க்குள் இருக்கும் கேஸ் எரிபொருள் இல்லை. ஓட ஓடச் செலவழிந்து தீர்வதற்கு அங்கே எதுவும் எரிவதில்லை. காப்பர் குழாய்களால் ஆன மூடிய சுற்று அது. மாட்டிய அன்று உள்ளே 800 கிராம் இருந்தால், பத்து வருடம் கழித்தும் ஏறக்குறைய அதே 800 கிராம் இருக்க வேண்டும். 'வருஷா வருஷம் கேஸ் ஏத்தணும்' என்பது சர்வீஸ் உலகம் பரப்பிவிட்ட நம்பிக்கை. எந்தத் தயாரிப்பாளரின் கையேட்டிலும் அப்படி ஒரு விதி கிடையாது. கேஸ் குறைந்திருக்கிறது என்றால் எங்கோ ஓட்டை இருக்கிறது.

ஓட்டை என்ன செய்யும் என்று புரிய, கேஸ் உள்ளே என்ன வேலை பார்க்கிறது என்று கொஞ்சம் தெரிய வேண்டும். ஊசி போடும் முன் நர்ஸ் ஸ்பிரிட் தொட்ட பஞ்சைக் கையில் தடவுவார். சில்லென்று இருக்கும். ஸ்பிரிட் ஆவியாகும்போது நம் தோலிலிருந்து வெப்பத்தை எடுத்துக்கொண்டு போகிறது. ஏ.சி. செய்வதும் இதைத்தான். ஆவியானதை வீணாக்காமல் பிடித்து, அமுக்கி, மறுபடி திரவமாக்கித் திருப்பி அனுப்புகிறது, அவ்வளவு வித்தியாசம்.

இன்று கடைகளில் விற்கும் பெரும்பாலான ஸ்பிளிட் ஏ.சி.க்களில் இருப்பது ஆர்-32. திறந்த வெளியில் விட்டால் மைனஸ் 52 டிகிரியிலேயே கொதித்து ஆவியாகிவிடும். அழுத்தத்தைக் கூட்டினால் கொதிநிலையும் ஏறும். இந்த ஒரு குணத்தை வைத்துத்தான் முழு எந்திரமும் ஓடுகிறது. அறைக்குள் இருக்கும் காயிலில் அழுத்தம் காற்றழுத்தத்தைப்போல ஒன்பது, பத்து மடங்கு இருக்குமாறு வைத்திருக்கிறார்கள். அந்த அழுத்தத்தில் ஆர்-32 ஐந்து முதல் ஏழு டிகிரியில் கொதிக்கும். அறைக் காற்று 28 டிகிரி. அது காயிலைத் தொட்டுக்கொண்டு போகும்போது வெப்பத்தை இழக்கிறது. ஆவியான கேஸை வெளியே இருக்கும் கம்ப்ரஸர் உறிஞ்சி, காற்றழுத்தத்தைப்போல முப்பது மடங்குக்கு அமுக்குகிறது. அமுக்கியதும் அது வெளி வெயிலைவிடச் சூடாகிவிடும். அதனால்தான் 40 டிகிரி வெயிலிலும் அவுட்டோர் யூனிட்டால் வெப்பத்தை வெளியே கொட்ட முடிகிறது. கொட்டி முடித்ததும் கேஸ் திரவமாகி, கேபிலரி என்ற மெல்லிய குழாய் வழியாகவோ எக்ஸ்பான்ஷன் வால்வ் வழியாகவோ அழுத்தம் இறங்கி, மறுபடி அறைக்குள் வருகிறது.

இந்தச் சுற்றில் கேஸின் அளவு குறைந்தால் முதலில் நடப்பது பலருக்கு வியப்பாக இருக்கும். காயில் முன்பைவிட அதிகமாகக் குளிரும். அறைதான் குளிராது.

கேஸ் குறைந்ததும் காயிலுக்குள் அழுத்தம் இறங்குகிறது. அழுத்தம் இறங்கினால் கொதிநிலையும் இறங்கும். ஆர்-32 ஏ.சி.யில் மெக்கானிக்கின் கேஜ் சாதாரணமாக 120 முதல் 140 பிஎஸ்ஐ வரை காட்டும். அது 100-க்குக் கீழே போய்விட்டால் காயிலுக்குள் கொதிநிலை பூஜ்ஜியத்துக்கும் கீழே போய்விட்டது என்று பொருள். உள்ளே வரும் கொஞ்சம் திரவமும் காயிலின் முதல் சில வளைவுகளிலேயே கொதித்துத் தீர்ந்துவிடுகிறது. அந்த இடத்தில் காற்றின் ஈரம் பனியாக உறையும். மீதிக் காயிலில் ஓடுவது வெறும் ஆவி. அதற்கு வெப்பத்தை இழுக்கும் சக்தி மிகக் குறைவு. காயிலின் ஒரு மூலை பனிக்கட்டி, மறுபக்கம் அறைச் சூட்டிலேயே காய்ந்து கிடக்கும். ஆறு வளைவு செய்ய வேண்டிய வேலையை இரண்டு வளைவு செய்துகொண்டிருக்கும்.

பனி அந்த இரண்டு வளைவோடு நிற்காது. சென்னை, கடலூர், தூத்துக்குடி போன்ற கடலோர ஊர்களில் காற்றில் ஈரம் அதிகம். பனி வேகமாகப் பரவி, காயிலின் தகடுகளுக்கு இடையே காற்று போகும் வழியை அடைத்துவிடும். காற்று போகாவிட்டால் காயிலுக்கு வெப்பம் வந்து சேராது. பனி இன்னும் ஏறும். காலையில் ஏ.சி.யை அணைத்ததும் அத்தனையும் உருகும். தட்டு நிரம்பி வழிந்து கீழே கட்டிலில் சொட்டும். 'ஏ.சி.யில தண்ணி ஒழுகுது' என்று புகார் போகும். வருபவர் டிரெயின் பைப்பை ஊதிச் சுத்தம் செய்துவிட்டுப் போவார். தண்ணீர் ஏன் அவ்வளவு வந்தது என்று யாரும் பார்க்காவிட்டால் அடுத்த வாரமும் ஒழுகும்.

பனி தெரிவதற்கு முன்பே ஒரு அறிகுறி வரும். பெரும்பாலோர் அதைக் கவனிப்பதில்லை. அறையில் பிசுபிசுப்பு. ஏ.சி. குளிர்விப்பதோடு காற்றின் ஈரத்தையும் உறிஞ்சி எடுக்கிறது. காயில் முழுவதும் குளிர்ந்திருந்தால்தான் ஈரம் அதன்மேல் தண்ணீராகப் படிந்து வடியும். பாதிக் காயில் காய்ந்து கிடந்தால் ஈரம் அறையிலேயே தங்கிவிடும். தெர்மாமீட்டர் 26 காட்டும், உடம்பு ஒட்டும். உடனே ரிமோட்டை எடுத்து 20, 18 என்று குறைப்போம். அதனால் ஒரு பயனும் இல்லை. 26-ஐயே எட்டத் திணறும் எந்திரத்துக்கு 18 என்பது வெறும் எண்.

மின் கட்டணத்தைப் பற்றி ஒரு குழப்பம் உண்டு. கேஸ் குறைந்த ஏ.சி. ஒரு நேரத்தில் இழுக்கும் கரண்ட் உண்மையில் குறைவு. அமுக்க வேண்டிய கேஸ் குறைவாக இருப்பதால் கம்ப்ரஸருக்குச் சுமை குறைகிறது. பெயர்ப்பலகையில் ஏழு ஆம்பியர் என்று போட்டிருக்கும் எந்திரத்தில் மெக்கானிக்கின் கிளாம்ப் மீட்டர் ஐந்துதான் காட்டும். மெக்கானிக்குகள் கேஸ் குறைவைக் கண்டுபிடிக்கும் வழிகளில் அதுவும் ஒன்று. பிறகு பில் ஏன் ஏறுகிறது? ஏ.சி. கட் ஆஃப் ஆவதே இல்லை. ஓர் உதாரணக் கணக்கு: நல்ல நிலையில் கம்ப்ரஸர் ஓடும்போது மணிக்கு 1.2 யூனிட் எடுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். எட்டு மணி நேர இரவில் அது விட்டு விட்டு மொத்தம் நாலரை மணி நேரம் ஓடும். கேஸ் குறைந்தால், மேலே சொன்ன ஏழுக்கு ஐந்து என்ற விகிதத்தில் மணிக்குச் சுமார் 0.86 யூனிட்தான் எடுக்கும், ஆனால் எட்டு மணி நேரமும் ஓடும். 5.4 யூனிட்டில் முடிந்தது சுமார் 6.9 ஆகிறது; ஓர் இரவுக்கு ஏறக்குறைய ஒன்றரை யூனிட் கூடுதல், இரண்டு மாதத்தில் 90 யூனிட். தமிழ்நாட்டில் வீட்டு மின் கட்டணம் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கணக்கிடப்படுகிறது; 500 யூனிட்டைத் தாண்டினால் கீழ்ப்படிகளின் சலுகை விலையும் மாறிவிடும். அதனால் 90 யூனிட் கூடியதன் வலி வெறும் 90 யூனிட்டின் வலியாக இருக்காது.

இன்வெர்ட்டர் ஏ.சி. வைத்திருப்பவர்களுக்கு இது தெரிய இன்னும் தாமதமாகும். கேஸ் கொஞ்சம் குறைந்தால் அது கம்ப்ரஸரின் வேகத்தைக் கூட்டிச் சமாளித்துவிடும். அறை குளிர்கிறது, பில் மட்டும் ஏறுகிறது. சமாளிக்க முடியாத கட்டத்தில்தான் டிஸ்பிளேயில் எரர் கோட் வரும்.

இதுவரை சொன்னதெல்லாம் அசௌகரியம், செலவு. எந்திரத்தைக் கொல்வது அடுத்தது.

கம்ப்ரஸர் ஒரு மூடிய இரும்புப் பாத்திரம். மோட்டாரும் பம்பும் அதற்குள்ளேயே இருக்கின்றன. அதன் சூட்டை எடுத்துச் செல்வது சுற்றி வரும் கேஸ்தான். அறையிலிருந்து குளிர்ந்து திரும்பும் கேஸ் போதிய அளவு வந்துகொண்டிருந்தால் மோட்டார் தாங்கும். அளவு குறைந்து, வருவதும் சூடாக வந்தால், அமுக்கி வெளியே தள்ளும்போது அதன் வெப்பம் எக்கச்சக்கமாக ஏறிவிடும். ஆர்-32 இயல்பிலேயே பழைய கேஸ்களைவிடச் சூடாக வெளியேறும் ரகம். அதனால் இந்தக் குறையை அது தாங்காது. ஓவர்லோடு பாதுகாப்பு கம்ப்ரஸரை நிறுத்தும். அரை மணி, ஒரு மணி கழித்து ஆறியதும் மறுபடி ஓடும், மறுபடி நிற்கும். 'மத்தியானம் நின்னு நின்னு ஓடுது, ராத்திரி நல்லா ஓடுது' என்று சொல்லும் வீடுகளில் இதையும் சந்தேகிக்கலாம்.

எண்ணெயும் இதில் மாட்டிக்கொள்கிறது. கம்ப்ரஸரின் ஆயில் அங்கேயே தங்கியிருப்பதில்லை. கொஞ்சம் கொஞ்சமாகக் கேஸோடு சேர்ந்து சுற்றி வரும். சுற்று பலவீனமானால் ஆயில் காயிலிலேயே தேங்கி, கம்ப்ரஸருக்குத் திரும்பாது. ஓட்டை வழியாகவும் கொஞ்சம் வெளியேறும். ஆர்-32-லும் ஆர்-410ஏ என்ற இன்னொரு கேஸிலும் ஓடும் எந்திரங்களில் இருக்கும் செயற்கை ஆயில் ஈரத்தை ஆசையாக உறிஞ்சும் வகை. கேஸ் முற்றிலும் வெளியேறிய பிறகும் ஏ.சி.யை ஓட்டினால் கம்ப்ரஸர் ஓட்டை வழியாக வெளிக் காற்றையும் ஈரத்தையும் உள்ளே இழுக்கும். ஈரமும் சூடும் சேர்ந்தால் அந்த ஆயிலில் அமிலம் உண்டாகும், அமிலம் மோட்டார் சுருளின் காப்பைத் தின்னும், பிறகு ஒருநாள் கம்ப்ரஸர் போய்விடும். குளிரவே குளிராத ஏ.சி.யை 'கொஞ்ச நேரம் ஓடட்டும், பாக்கலாம்' என்று ஓட விடாதீர்கள். சில ஆயிரத்தில் முடிய வேண்டியது கம்ப்ரஸர் மாற்றும் செலவில் போய் நிற்பது பெரும்பாலும் அந்தக் 'கொஞ்ச நேரத்தில்'தான்.

மெக்கானிக்கைக் கூப்பிடுவதற்கு முன் வீட்டிலேயே பார்க்கக்கூடியவை சில உண்டு. முதலில் ஃபில்டர். அழுக்கு அடைத்த ஃபில்டரும் காயிலில் பனி பிடிக்க வைக்கும், குளிரைக் குறைக்கும். கேஸ் குறைவின் அத்தனை வேடத்தையும் அது போடும். ஃபில்டரைக் கழுவிக் காய வைத்து, பனி முழுவதும் உருகிய பிறகு ஓட்டிப் பாருங்கள். சரியாகிவிட்டால் கேஸ்மேல் பழி போட வேண்டாம். சரியாகவில்லை என்றால், பால்கனியிலோ மொட்டை மாடியிலோ கைக்கு எட்டும் இடத்தில் அவுட்டோர் யூனிட் இருந்தால் அதன் பக்கவாட்டில் பாருங்கள். ஒரு தடித்த குழாய், ஒரு மெல்லிய குழாய் வந்து சேரும். ஏ.சி. ஓடி 20 நிமிடம் ஆனபின் தடித்த குழாய் குளிர்ந்து வியர்த்திருப்பது நல்ல அறிகுறி. தடித்த குழாய் காய்ந்து வெதுவெதுப்பாகவும், மெல்லிய குழாயின் நட்டில் வெள்ளையாகப் பனியும் இருந்தால் கேஸ் குறைந்திருக்க வாய்ப்பு அதிகம். கைக்கு எட்டாத உயரத்தில் இருந்தால் எட்டிப் பார்க்க முயல வேண்டாம். அந்தச் சாகசத்தில் விழுந்தவர்கள் உண்டு. உள்ளே ஏ.சி. உறிஞ்சும் காற்றுக்கும் ஊதும் காற்றுக்கும் உள்ள வித்தியாசத்தைச் சாதாரண தெர்மாமீட்டரால் அளக்கலாம். முழு வேகத்தில் ஓடும்போது சுமார் 8 முதல் 12 டிகிரி இருக்க வேண்டும். நாலு, அஞ்சு என்றால் ஏதோ சரியில்லை.

இனி ஓட்டை எங்கே விழுகிறது என்பது. மிக அதிகமாக விழுவது ஃபிளேர் நட் என்று சொல்லும் இணைப்புகளில். காப்பர் குழாயின் நுனியைப் புனல்போல விரித்து, நட்டை வைத்து இறுக்குகிறார்கள். இறுக்கம் குறைந்தால் கசியும், அதிகமானால் விரித்த வாய் விரிசல் விடும். சரியான இறுக்கத்துக்கு டார்க் ரெஞ்ச் என்ற கருவி இருக்கிறது. வீட்டுக்கு வருபவர்கள் கையில் அதைப் பார்ப்பது அபூர்வம், கை அனுபவம்தான் அளவுகோல். வாடகை வீடு மாறும்போது ஏ.சி.யைக் கழற்றி மாட்டுகிறவர்களுக்கு இந்த ஆபத்து கூடுதல். பழைய குழாயை வளைத்து நெளித்து, பழைய ஃபிளேரையே மறுபடி இறுக்கிவிட்டுப் போவார்கள். ஆடி முடிந்து ஆவணியில் வீடு மாறிய ஏ.சி.க்குச் சித்திரையில் கேஸ் குறைவது தற்செயல் இல்லை.

கண்டுபிடிக்கச் சிரமமானது அறைக்குள் இருக்கும் காயிலில் விழும் ஓட்டை. காயில் குழாயின் சுவர் அரை மில்லிமீட்டர்கூட இருக்காது. பிளைவுட் அலமாரியின் பசை, புது பெயின்ட், சில சுத்தம் செய்யும் திரவங்கள், வினிகர் இவற்றிலிருந்து வரும் அமில ஆவி காயிலின் ஈரத்தில் கரைந்து காப்பரை அரிக்கும். மேலே ஊசிமுனை அளவுப் புள்ளி. உள்ளே எறும்புப் புற்று மாதிரி கிளை கிளையாகத் துளை. இந்த அரிப்பு ஒரு இடத்தில் இருந்தால் பக்கத்திலும் இருக்கும். அதனால் ஒரு துளையைப் பற்றவைத்து அடைத்தாலும் சில மாதத்தில் அடுத்தது திறக்கும்; அப்போது காயிலையே மாற்றுவதுதான் சரி. புது வீட்டில் மரவேலை முடிந்த கையோடு ஜன்னலை மூடி ஏ.சி.யைப் போட்டுக்கொண்டு உட்காருவதைவிடச் சில வாரம் காற்றாட விடுவது, நம் நுரையீரலுக்கும் நல்லது, காயிலுக்கும் நல்லது.

கடலோரத்தில் அவுட்டோர் யூனிட்டை உப்புக் காற்று தின்னும். பெசன்ட் நகர் பால்கனியில் நாலு வருடம் இருந்த காயிலையும் கோயம்புத்தூரில் நாலு வருடம் இருந்த காயிலையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் அண்ணன் தம்பி என்றே சொல்ல முடியாது. சாக்கடைக் கால்வாய் ஓரங்களில் இன்னொரு தொல்லை: அழுகிய முட்டை நாற்றம் தரும் ஹைட்ரஜன் சல்ஃபைடு காப்பரைக் கருக்க வைத்து அரித்துவிடும். இவை தவிர, குழாய் சுவரிலோ ஸ்டாண்டிலோ உரசி உரசித் தேய்வது, பற்றவைத்த வளைவுகள் அதிர்வில் விட்டுப்போவது என்று சில்லறைக் காரணங்கள். ஓட்டை விழுந்த இடத்தைச் சுற்றி எண்ணெய்ப் பிசுக்கில் தூசி ஒட்டியிருந்தால் அது நல்ல துப்பு.

கேஸ் எவ்வளவு நாளில் குறைந்தது என்பதை மெக்கானிக்கிடம் கட்டாயம் சொல்லுங்கள். போன வாரம் ஏற்றியது இன்று இல்லை என்றால் ஓட்டை பெரிது. சோப்பு நுரை தடவினாலே குமிழி கிளம்பும். ஒரு வருடத்தில் 200 கிராம் குறைந்தது என்றால் ஒரு நாளைக்கு அரை கிராம். சோப்பு நுரையில் அது எளிதில் சிக்காமல் போகலாம். அதற்கு மிச்சக் கேஸை வெளியே எடுத்துவிட்டு, நைட்ரஜனை அதிக அழுத்தத்தில் ஏற்றி, கேஜ் முள் இறங்குகிறதா என்று சில மணி நேரம், முடிந்தால் ஓர் இரவு விட்டுப் பார்க்க வேண்டும். உள் யூனிட், வெளி யூனிட், நடுக் குழாய் என்று தனித்தனியாகப் பிரித்துச் சோதித்தால் எந்தப் பகுதி என்று தெரிந்துவிடும். எலக்ட்ரானிக் டிடெக்டரும் உண்டு.

நைட்ரஜன்தான் வேண்டும். பற்றவைக்க வைத்திருக்கும் ஆக்சிஜனை ஏற்றக் கூடாது. ஆயிலும் அழுத்தமான ஆக்சிஜனும் சேர்ந்தால் வெடிக்கும். கம்ப்ரஸரை ஓட்டி வெளிக் காற்றை உள்ளே இழுத்துச் சோதிப்பதும் அதே ரகம். இப்படி யாராவது ஆரம்பித்தால் மரியாதையோடு நிறுத்தச் சொல்லிவிடலாம்.

ஓட்டையை அடைத்த பிறகு வேக்கம் பம்ப் வைத்து உள்ளே இருக்கும் காற்றையும் ஈரத்தையும் முழுவதும் உறிஞ்ச வேண்டும். அரை மணி நேரமாவது ஆகும். பம்பை நிறுத்திய பின் முள் அங்கேயே நிற்க வேண்டும். பலர் இதற்குப் பதிலாகக் கொஞ்சம் கேஸை உள்ளே விட்டு அது தள்ளும் காற்றை மறுபக்கம் திறந்து 'புஸ்' என்று விடுவார்கள். காற்றில் பாதி போகும், ஈரம் போகாது. கடைசியாகக் கேஸ். ஏ.சி.யில் நிரப்ப வேண்டிய அளவு பெயர்ப்பலகையில் கிராம் கணக்கில் அச்சிட்டிருக்கிறது. சிலிண்டரைத் தராசில் வைத்து அந்த எடையை ஏற்றுவதுதான் முறை. கேஜைப் பார்த்து 'போதும்' என்று நிறுத்துவது ஊகம். அதிகம் ஏற்றினாலும் கம்ப்ரஸருக்குக் கேடுதான்.

இவ்வளவையும் ஏன் யாரும் செய்வதில்லை? மெக்கானிக்குகள் மேல் மட்டும் குற்றம் சொல்வது நியாயமில்லை என்று நினைக்கிறேன். கத்திரி வெயிலில் ஒருவருக்கு ஒரு நாளில் வரும் அழைப்புகள் ஏராளம். நைட்ரஜன் சிலிண்டரும் வேக்கம் பம்பும் தராசும் பைக்கில் ஏற்றி மூன்றாம் மாடிக்குத் தூக்க வேண்டும். நைட்ரஜன் ஏற்றிவிட்டு நாளை வருகிறேன் என்றால் 'இன்னிக்கு ராத்திரி எப்படித் தூங்குறது?' என்போம். எல்லாவற்றுக்கும் மேலாக, நாம் கேஸுக்குப் பணம் தருகிறோம், தேடுவதற்குத் தருவதில்லை. ஓட்டையைத் தேடும் கூலி என்று பில்லில் ஒரு வரி வந்தால் பேரம் பேசுகிறோம். தேடும் வேலைக்குத் தனியாகக் கூலி தருகிறேன் என்று முதலிலேயே சொல்லிவிட்டால் பாதிப் பேர் தேடுவார்கள். வாரன்ட்டியில் இருக்கும் ஏ.சி. என்றால் அட்டையைப் படித்துப் பாருங்கள். பெரிய எழுத்தில் இருக்கும் 10 வருடம் பெரும்பாலும் கம்ப்ரஸருக்கு மட்டும். காயிலுக்கும் கேஸுக்கும் எத்தனை வருடம் என்பது சின்ன எழுத்தில் இருக்கும்.

கேஸ் கசிந்தால் உடம்புக்கு ஆபத்தா, தீப்பிடிக்குமா என்ற பயம் பலருக்கு. 1920-களில் வீட்டுக் குளிர்பெட்டிகளில் சல்ஃபர் டை ஆக்ஸைடு, மெத்தில் குளோரைடு போன்றவை இருந்தன. கசிவில் மனிதர்கள் செத்தார்கள். தாமஸ் மிட்ஜ்லி என்ற அமெரிக்க வேதியியலாளர் 1930-ல் தாம் உருவாக்கிய புது வாயுவை எல்லோர் முன்னும் மூச்சில் இழுத்து, அதை ஊதி ஒரு மெழுகுவத்தியை அணைத்துக் காட்டினார். நச்சும் இல்லை, தீயும் பிடிக்காது என்று உலகம் அதைக் கொண்டாடியது. ஓசோன் படலத்தை அது ஓட்டையாக்கும் என்பதை வேதியியலாளர்கள் மோலினாவும் ரோலண்டும் 1974-ல் சொன்ன பிறகுதான் கொண்டாட்டம் அடங்கியது. அந்தக் குடும்பத்தின் மென்மையான வாரிசுதான் நம் பழைய ஏ.சி.க்களில் இருக்கும் ஆர்-22.

ஆர்-32 ஓசோனைத் தொடாது, லேசாகத் தீப்பிடிக்கும். எவ்வளவு லேசாக? ஒரு கன மீட்டர் காற்றில் சுமார் 307 கிராம் கலந்தால்தான் பற்றும். பத்துக்குப் பன்னிரண்டு அடி அறை, பத்தடி உயரம் என்றால் 34 கன மீட்டர். ஏ.சி.யில் இருக்கும் 800 கிராமும் ஒரே நேரத்தில் அறைக்குள் கொட்டிச் சமமாகக் கலந்தாலும் கன மீட்டருக்கு 24 கிராம்கூட வராது. பற்றும் அளவில் பதின்மூன்றில் ஒரு பங்கு. காற்றைவிடக் கனமானது என்பதால் தரையோரம் கொஞ்சம் அடர்த்தியாகத் தேங்கலாம். பெரிய கசிவு என்று தோன்றினால் ஏ.சி.யை அணைத்து, ஜன்னலைத் திறந்து, கொஞ்ச நேரம் அறையில் தீப்பெட்டி உரசாமல் இருந்தால் போதும். ஆர்-290 என்ற கேஸ் புரொப்பேன்; கோத்ரெஜ் 2012 முதல் இந்தியாவில் இதை வைத்து ஏ.சி. விற்றிருக்கிறது. அது கன மீட்டருக்கு 38 கிராமிலேயே பற்றும். 350 கிராம் என்று கொண்டால் அதே அறையில் கால் பங்கைத் தாண்டிவிடும், அதனால் அதைத் தொடுபவர் பயிற்சி பெற்றவராக இருக்க வேண்டும்.

உண்மையான ஆபத்து வேலை செய்பவருக்குத்தான். குழாயில் மிச்சக் கேஸ் இருக்கும்போதே டார்ச்சைக் காட்டினால் தீ ஒரு பக்கம். தீயில் சிதையும் கேஸிலிருந்து வரும் ஹைட்ரஜன் ஃபுளோரைடு இன்னொரு பக்கம், அது நுரையீரலை அரிக்கும். மைனஸ் 52-ல் பீய்ச்சும் திரவம் விரலில் பட்டால் உறைபுண் வரும். பற்றவைக்கும்போது குழந்தைகளை அந்த அறையில் வைக்காதீர்கள். இன்னொன்று: சமையல் கேஸில் நாற்றத்துக்காகவே ஒரு பொருளைக் கலக்கிறார்கள், ஏ.சி. கேஸில் அப்படிக் கலப்பதில்லை. ஏ.சி.யிலிருந்து வரும் ஈர நாற்றம் காயிலில் வளர்ந்த பூஞ்சையின் நாற்றம். 'வாசம் வருது, கேஸ் லீக்' என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். மூக்குக்கு அது தெரியாது.

வெளியே போன கேஸ் காற்றோடு காற்றாகப் போய்விடுவதும் இல்லை. புவியைச் சூடாக்குவதில் ஆர்-32 கரியமில வாயுவைப்போலச் சுமார் 675 மடங்கு. 800 கிராம் கசிந்தால் 540 கிலோ கரியமில வாயு விட்டதற்குச் சமம். ஏறக்குறைய 235 லிட்டர் பெட்ரோல் எரித்த கணக்கு. ஆர்-410ஏ இதைப்போல மூன்று மடங்கு மோசம். வருடா வருடம் ஓட்டையை விட்டுவிட்டுக் கேஸ் ஏற்றும் வீடு, ஒரு பைக்கை வருடம் முழுக்கச் சும்மா ஓட்டிப் புகை விடுகிறது. 2016-ல் ருவாண்டாவின் கிகாலியில் நாடுகள் கூடி இந்த வகை வாயுக்களைப் படிப்படியாகக் குறைக்க ஒப்புக்கொண்டதற்குக் காரணமும் அதுவே. இந்தியா 2021-ல் அதை ஏற்றது. நம் குறைப்பு 2032-ல் தொடங்கும்.

ஆர்-22 ஏ.சி. வைத்திருப்பவர்களுக்கு நெருக்கடி இன்னும் அருகில். ஓசோனைக் காக்கும் 1987 மான்ட்ரியல் ஒப்பந்தத்தின்படி இந்தியா 2024 முடிவோடு புது எந்திரங்களில் அந்தக் குடும்ப வாயுக்களை நிறுத்தத் திட்டமிட்டது. 2030-க்குள் பெரும்பாலும் முற்றிலும் முடிவுக்கு வரும். விலை ஏறும், கலப்படமும் வரும். 'அதுக்குப் பதிலா ஆர்-32 போட்டுடலாம்' என்று யாராவது யோசனை சொன்னால் மறுத்துவிடுங்கள். ஆர்-32-ன் அழுத்தம் ஆர்-22-ஐப்போல ஒன்றரை மடங்குக்கும் மேல். பழைய காயிலும் கம்ப்ரஸரும் அதற்காகச் செய்யப்பட்டவை அல்ல, ஆயிலும் வேறு, தீப்பிடிக்கும் கேஸுக்கான பாதுகாப்பும் அதில் கிடையாது.

எல்லா ஓட்டையையும் தேடித்தான் ஆக வேண்டுமா? எட்டு வயதான ஏ.சி., நாலு வருடத்துக்கு ஒருமுறை கொஞ்சம் குறைகிறது என்றால் காயிலைக் கழற்றித் தேடச் சொல்ல மாட்டேன்; ஃபிளேர் நட்டுகளைப் புதுசாகச் செய்து, எடை பார்த்து ஏற்றிக்கொண்டு, அடுத்த ஏ.சி.க்குப் பணம் சேர்க்கலாம். மூன்று வயது ஏ.சி. இரண்டாவது தடவையாகக் கேஸ் கேட்டால் தேடாமல் ஒரு கிராம்கூட ஏற்ற விடாதீர்கள். உள் காயிலில் அரிப்பு என்று தெரிந்து, எந்திரத்துக்கும் ஏழெட்டு வயது ஆகிவிட்டது என்றால், புதுக் காயிலின் விலையைப் புது ஏ.சி.யின் விலையோடு வைத்துப் பார்த்துவிட்டு முடிவு செய்யலாம்.

இன்றைக்கே செய்யக்கூடியது ஒன்று. அவுட்டோர் யூனிட்டின் பெயர்ப்பலகையை ஃபோனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். எந்தக் கேஸ், எத்தனை கிராம் என்று அதில் இருக்கும். கைக்கு எட்டாத உயரம் என்றால் அடுத்த சர்வீஸுக்கு வருபவரிடம் எடுத்துத் தரச் சொல்லலாம். கேஸ் ஏற்றினால் எத்தனை கிராம் ஏற்றினார், எந்த இடத்தில் கசிவு இருந்தது என்பதைப் பில்லிலேயே எழுதி வாங்குங்கள். அடுத்த முறை வருகிறவர், அவர் வேறு ஆளாகவே இருந்தாலும், அங்கிருந்து தேட ஆரம்பிக்கலாம்.